சோலாருக்கு லெட் ஆசிட்டா, லித்தியமா: பாதி சார்ஜில் தெரியும் வித்தியாசம்

பேனல் போட்டபோது நான் வாங்கியது நான்கு டியூபுலர் லெட் ஆசிட் பேட்டரிகள். மூன்றாவது வருடத்திலேயே அவை ஓய்ந்துவிட்டன, முன்பு இரவு முழுக்கத் தாங்கியவை பத்து மணிக்கே கையை விரித்தன. மாற்றும்போது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைக்குப் போனேன், அது வந்து இரண்டரை வருடம் ஆகிறது. பேனல் அதே பேனல், வீடும் அதே வீடு. இரண்டையும் ஓட்டிப் பார்த்ததில் சொல்கிறேன், தினமும் சோலாரில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் லித்தியத்துக்குப் போங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். வாங்கும்போது லித்தியத்துக்குக் கை கடிக்கும். லெட் ஆசிட்டுக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும், டெர்மினலில் பூக்கும் உப்பைத் துடைக்க வேண்டும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் காற்றோட்டமான இடம் வேண்டும். எடையும் அதிகம், 150 ஆம்பியர் மணி டியூபுலர் ஒன்றே 50 கிலோவைத் தாண்டும். இதெல்லாம் தொல்லைதான், ஆனால் இவற்றுக்காக மட்டும் நான் மாறியிருக்க மாட்டேன்.

மாறியதற்குக் காரணம் பாதி சார்ஜ். கடையில் நின்று விலை கேட்கும்போது யாரும் இதைப் பேசுவதில்லை.

லெட் ஆசிட் 1859ல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே உருவாக்கியது. அதற்குப் பெயர் வாங்கித் தந்த இடங்களில் ஒன்று தொலைபேசி நிலையம். அங்கே அதன் வேலை என்ன? எப்போதும் முழு சார்ஜில் உட்கார்ந்திருக்க வேண்டும், கரண்ட் போனால் கொடுக்க வேண்டும், வந்ததும் மறுபடி நிறைந்துவிட வேண்டும். அந்த வேலைக்கு அது அருமையான பேட்டரி. சோலார் வீட்டில் வேலையே வேறு. ஒவ்வொரு இரவும் இறங்கும், ஒவ்வொரு பகலும் ஏற வேண்டும், அதுவும் வெயில் இருக்கும் சில மணி நேரத்துக்குள். லெட் ஆசிட் 80 சதவீதம் வரை ஓரளவு வேகமாக ஏறிவிடும், கடைசி 20 சதவீதத்துக்குத்தான் மணிக்கணக்கில் இழுக்கும், ஏனென்றால் நிறைய நிறைய அது வாங்கும் கரண்ட் குறைந்துகொண்டே போகும். அதற்குள் வெயில் சாய்ந்துவிடும். நான்கு நாள் மேகம் மூடினால் நான்கு நாளும் அரைகுறை சார்ஜ்தான். அப்படிக் கிடக்கும்போது தகடுகளில் படியும் லெட் சல்பேட் இறுகிக் கட்டியாகிவிடுகிறது, பிறகு சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளளவு போய்க்கொண்டே இருக்கும். என் பேட்டரிகள் போனது இப்படித்தான். தண்ணீரை ஒரு மாதம்கூட நான் தவறவிட்டதில்லை, ஆனால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் முழு சார்ஜுக்குரிய 1.26 பக்கம் அடர்த்தி வந்த நாட்கள் மிகக் குறைவு.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு இந்த நோய் கிடையாது. 40 சதவீதத்தில் ஒரு வாரம் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, சொல்லப்போனால் எப்போதும் 100ல் நிற்பதைவிட நடுவில் இருப்பதுதான் அதற்கு நல்லது. மேகம் விலகி இரண்டு மணி நேரம் வெயில் அடித்தால் பேனல் தருவதை அப்படியே வாங்கிக்கொள்ளும். போட்டதில் 90 சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது, லெட் ஆசிட்டில் 80 வந்தாலே நல்லது.

விலையையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி லெட் ஆசிட் என்றால் காகிதத்தில் 1.8 யூனிட், ஆனால் ஆயுள் வேண்டும் என்றால் பாதிதான் எடுக்கலாம், அதாவது 0.9. அப்படி 1,200 முறை ஓடுகிறது என்று வைத்தால் வாழ்நாளில் சுமார் 1,080 யூனிட். 12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் 1.28 யூனிட், 80 சதவீதம் எடுத்தால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல், 3,000 முறை என்று குறைத்தே வைத்தாலும் 3,000 யூனிட்டைத் தாண்டும். உங்கள் ஊர் விலையை இந்த எண்களால் வகுத்துப் பாருங்கள், பில்லில் எழுதியிருக்கும் தொகையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பாகும்.

சரி, லித்தியத்தின் குறைகள். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, கடும் குளிர் ஊர்களுக்கு இது பெரிய விஷயம். இறங்கும்போது அதன் வோல்டேஜ் பெரிதாக மாறாது, அதனால் திரையில் காட்டும் சதவீதம் நாளாக ஆகப் பிசகும், எனக்கு ஒருமுறை 30 என்று காட்டிய நிலையிலேயே அணைந்துவிட்டது. அவ்வப்போது முழுதாக ஏற்றினால் சரியாகிவிடுகிறது. உள்ளே இருந்து பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் போர்டு கெட்டால் மொத்தப் பேட்டரியும் நின்றுவிடும், தெரு முனை மெக்கானிக் திறந்து பார்க்க முடியாது. பழைய லெட் ஆசிட்டை எடுத்துக்கொள்ள எந்த ஊரிலும் ஆள் உண்டு, லித்தியத்துக்கு அந்த வழி இன்னும் அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. பத்து வருடம் வரும் என்று வாரண்டி அட்டை சொல்கிறது, என் கையில் இருப்பது இரண்டரை வருட அனுபவம்தான், அதற்கு மேல் நான் உறுதி தர முடியாது.

இன்னொன்று, லித்தியம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த வகை எடைக்கு அதிக மின்சாரம் பிடிக்கும், காருக்கு அது சரி. வீட்டுச் சுவரோரம் நிற்கும் பெட்டிக்கு எடை ஒரு பிரச்சினையே இல்லை, தீப்பிடிக்கும் ஆபத்து குறைவாக இருப்பதுதான் முக்கியம். அதில் பாஸ்பேட் வகை தெளிவாக முன்னால் நிற்கிறது.

மின்தொகுப்புகளிலும் இன்று இதே கதைதான். கலிபோர்னியாவில் மின்தொகுப்பை இயக்குகிறவர்கள் 2013ல் ஒரு வரைபடம் போட்டார்கள். பகலில் சோலார் பொங்குவதால் மற்ற நிலையங்களின் தேவை நடுவில் பள்ளமாக இறங்கி, சூரியன் சாய்ந்ததும் செங்குத்தாக ஏறுகிறது. பார்க்க வாத்து மாதிரி இருந்ததால் வாத்து வளைவு என்றே பெயர். அந்தப் பள்ளத்தில் வாங்கி மாலை ஏற்றத்தில் கொடுக்கும் வேலைக்குத்தான் இப்போது பெரிய பெரிய பேட்டரி நிலையங்கள் எழுகின்றன, புதிதாக வருபவற்றில் பெரும்பாலானவை இதே பாஸ்பேட் வகை. தினமும் இறங்கி ஏறுவது என்று வந்துவிட்டால் வீட்டுக்கும் ஊருக்கும் தேவை ஒன்றுதான்.

சோலாரே இல்லை, மாதம் இரண்டு மூன்று முறைதான் கரண்ட் போகும், மற்ற நேரமெல்லாம் மெயினில் முழு சார்ஜில் நிற்கும் என்றால் லெட் ஆசிட்டையே வாங்குங்கள், அங்கே லித்தியத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் சும்மா கிடக்கும். பழைய இன்வெர்ட்டரை வைத்துக்கொண்டே லித்தியத்துக்கு மாறுகிறவர்கள், அதில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லெட் ஆசிட்டுக்கான ஈக்வலைசேஷன் சார்ஜ், அதாவது வழக்கத்தைவிட அதிக வோல்டேஜில் ஏற்றும் சார்ஜ், ஓடிக்கொண்டிருந்தால் வோல்டேஜ் எல்லை மீறி பிஎம்எஸ் அடிக்கடி வெட்டிவிடும். அப்புறம், ஓய்ந்துபோன ஒரு லெட் ஆசிட்டை மட்டும் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகும் வேலை வேண்டாம், நான் செய்து பார்த்தேன், பழையவை மூன்றும் சேர்ந்து புதியதையும் ஆறே மாதத்தில் கீழே இழுத்துவிட்டன.