ஐந்து வருஷம் வளைந்த திரைகளோடும் தானே ஆறும் கீறல்களோடும்

ஐந்து வருஷமாக நான் பயன்படுத்துவது வளைந்த திரைகளைத்தான். முதல் மூன்று வருஷம், இரு ஓரங்களிலும் திரை வழிந்து இறங்கும் ஒரு போன். பிறகு இரண்டு வருஷமாக, புத்தகம் போல மடியும் போன். இரண்டிலுமே கீறல் தானாக மறையும் என்று சொல்லி விற்கிற ஃபிலிம் ஒட்டியிருந்தேன். போன்களின் பெயரை எழுதப்போவதில்லை. நான் பார்த்த நிறைகுறைகள் அந்த வகை போன்களுக்கே பொதுவானவை.

இதெல்லாம் வெறும் விளம்பர வித்தையா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒட்டுமொத்தமாக ஆமாம், இல்லை என்று சொல்ல முடியவில்லை. கீறல் ஆறும் மேற்பரப்பு நிஜமாகவே உதவியது. ஓரம் வளைந்த கண்ணாடியால் எனக்கு ஒரு நன்மையும் இல்லை.

ஃபிலிமைப் பற்றி முதலில். ஒட்டிய வாரமே நகத்தால் அழுத்தி ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பளிச்சென்று தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மங்கத் தொடங்கியது, மறுநாள் காலையில் தேடியும் கிடைக்கவில்லை. இந்த ஃபிலிம் டிபியு என்கிற, ரப்பர் போன்ற பாலியூரித்தேன். நகம் பட்டால் பொருள் எதுவும் பெயர்ந்து போவதில்லை, ஒதுங்கிப் பள்ளமாகிறது, அவ்வளவுதான். வலை போலப் பின்னிக் கிடக்கும் நீண்ட மூலக்கூறுகள் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகின்றன. சூடு பட்டால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

ஆனால் கூரான முனை ஆழமாக வெட்டிவிட்டால் கதை வேறு. என் ஃபிலிமில் ஒரு சாவி அப்படி ஒரு கோடு போட்டுவிட்டது. வெதுவெதுப்பான துணியை வைத்து எடுத்தும் பார்த்தேன். வெட்டின் விளிம்பு கொஞ்சம் மழுங்கியதே தவிர மறையவில்லை. பொருள் அறுபட்டுப் போன இடத்தில் திரும்பி வர எதுவும் இல்லையே. 'தானே ஆறும்' என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. அது காயம் ஆறுவதில்லை, பள்ளம் எழும்புவது.

அப்படியும் இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், போன் கண்ணாடிக்குப் பெரிய எதிரி சாவி இல்லை, மணல். எண் கூடக் கூடக் கடினம் கூடும் மோஸ் அளவுகோலில், மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்கிற கனிமத்துக்கு 7. போன் கண்ணாடியோ பொதுவாக 6-லேயே கீறல் வாங்கத் தொடங்கிவிடும். பையின் அடியில் கிடக்கும் நாலு மணல் துகள் போதும், திரையில் மயிரிழைக் கோடுகள் விழ. கண்ணாடியில் விழுந்தது விழுந்ததுதான். மூன்று வருஷத்தில் ஃபிலிமை மூன்று முறை மாற்றினேன். கடைசியாக உரித்தபோது கீழே இருந்த கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு அது மிகப் பெரிய நிம்மதி.

குறைகளும் உண்டு. விரல் கண்ணாடியில் வழுக்குவது போல இதில் வழுக்காது, லேசாகப் பிடிக்கும். கீழே விழுந்தால் திரையைக் காப்பாற்றும் என்று நம்பிவிடாதீர்கள், மெல்லிய ஃபிலிம் அவ்வளவு அடியைத் தாங்காது.

இந்த யோசனை புதிதும் இல்லை. நிசான் நிறுவனம் 2005-லேயே கார் பெயிண்டுக்கு மேல் பூசும், சிறு கீறல்களை ஆற்றும் பூச்சைக் கொண்டுவந்தது. 2013-ல் எல்ஜி, ஜி ஃப்ளெக்ஸ் போனில் இதே மாதிரி ஒரு பூச்சைப் போட்டது. 2015-ல் வந்த அடுத்த மாடலில், மூன்று நிமிஷம் பிடித்த வேலை பத்து விநாடியில் முடியும் என்றார்கள். ஆனால் பூச்சு இருந்தது போனின் முதுகில். வாங்கியதும் முதல் வேலையாக முதுகுக்குத்தான் கவர் போடுகிறோம். கீறல் நம் கண்ணை உறுத்துவதோ திரையில். இந்த நுட்பம் கேலிக்கு ஆளானதற்கு அதை வைத்த இடமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதே ஜி ஃப்ளெக்ஸின் வளைவில் ஒரு அர்த்தம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 6 அங்குலத் திரை மேலிருந்து கீழாக வளைந்திருந்தது, பேசும்போது கன்னத்தோடு ஒட்டி, வாயருகே வருகிற மாதிரி. திரை பிளாஸ்டிக் அடித்தளத்தில் செய்த, புள்ளிகள் தாமே ஒளிரும் ஓஎல்இடி வகை, பேட்டரியும் வளைந்தது. குப்புற வைத்து அழுத்தினால் தட்டையாகி, விட்டதும் பழைய வளைவுக்கு வரும். பின்பாக்கெட்டில் போனை வைத்துக்கொண்டு உட்காருகிற யாருக்கும் அதன் அருமை புரியும்.

பிறகு வந்த ஓர வளைவுக்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. நான் மூன்று வருஷம் பட்டது இதுதான்: ஒரு கையால் பிடித்தாலே உள்ளங்கைச் சதை திரையில் பட்டு எதையாவது திறந்துவிடும். படம் பார்க்கும்போது இரண்டு ஓரமும் நிறம் மாறித் தெரியும், வெளிச்சம் கோடாகப் பளபளக்கும். சாதாரண டெம்பர்ட் கிளாஸ் அதில் உட்காராது. திரவப் பசை ஊற்றி ஒட்டுகிற வகை இருக்கிறது, ஆனால் பசை ஸ்பீக்கர் துளைக்குள் இறங்கிவிடுமோ என்ற பயத்திலேயே நான் ஒட்டவில்லை. மென்மையான டிபியு ஃபிலிமுக்கு வந்ததே அதனால்தான். ஒருநாள் பக்கவாட்டில் விழுந்து ஓரத்தில் விரிசல் விட்டது. சட்டகம் வாங்க வேண்டிய அடியைக் கண்ணாடி வாங்கிக்கொண்டது. ஓர வளைவைப் பரவலாக்கிய சாம்சங்கே 2024-ல் எஸ்24 அல்ட்ராவைத் தட்டைத் திரையோடு கொண்டுவந்ததைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சிதான்.

மடக்கு போனை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். விரித்தால் நீண்ட கட்டுரையும் வரவு செலவுக் கணக்கும் கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிகிறது, அதற்காகவே தினமும் விரிக்கிறேன். மூடினால் உள்திரையைச் சாவியும் நாணயமும் தொடாது. ஆனால் விரித்த திரையின் மேல்பரப்பு மென்மையான பிளாஸ்டிக் என்பதால், கொஞ்சம் வளர்ந்த நகம்கூடத் தடம் பதிக்கும். கீறல் ஆறும் பொருள் உண்மையில் இருக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு வருஷத்துக்குப் பிறகு மடிப்புக்கோட்டை ஒட்டி ஃபிலிம் மெல்ல எழும்பி, நடுவே காற்றுக்குமிழ் வந்தது. அதை நானே பிய்க்காமல் சர்வீஸில் கொடுத்து மாற்றிக்கொண்டேன். இப்போது ஒட்டியிருப்பது இரண்டாவது ஃபிலிம், எட்டு மாதமாகிறது. மடிப்புக்கோடு விரலுக்குத் தெரிகிறது, குமிழ் இன்னும் வரவில்லை. வெளித்திரை தட்டையானது. அதிலும் டிபியு ஃபிலிம்தான் ஒட்டியிருக்கிறேன்.