நெட் இல்லாத நாளில் எந்தக் கன்சோல் கைகொடுக்கும்?

2013 ஜூனில் மைக்ரோசாப்ட் தன் புது எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலுக்கு ஒரு விதியை அறிவித்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கன்சோல் இணையத்தில் தலைகாட்ட வேண்டும். இல்லாவிட்டால், டிஸ்க்கே வாங்கி வைத்திருந்தாலும் கேம் ஓடாது. வேறொருவர் கன்சோலில் உங்கள் கணக்கைத் திறந்து ஆடினால் கெடு ஒரு மணி நேரம்தான். நண்பருக்கு ஒரு கேமைக் கொடுக்கலாம், ஆனால் ஒரே தடவை, அதுவும் 30 நாளாவது உங்கள் நண்பர் பட்டியலில் இருந்தவருக்கு மட்டும். சோனி இதற்கு நீட்டி முழக்கவில்லை. ஒருவர் டிஸ்க் பெட்டியை இன்னொருவர் கையில் கொடுக்கிறார், பிளேஸ்டேஷன் 4-இல் கேமைப் பகிர்வது இப்படித்தான் என்று அரை நிமிடம்கூட ஓடாத ஒரு வீடியோவை வெளியிட்டது. ஜூன் 19 அன்று மைக்ரோசாப்ட் பின்வாங்கியது.

அந்தக் கெடுவை ஏன் வைத்தார்கள் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் முதல் திட்டப்படி டிஸ்க்கை ஒருமுறை இன்ஸ்டால் செய்தால் போதும், பிறகு அதைச் செருகவே வேண்டாம். பத்துப் பேர் வரை கேம்களைப் பகிர்ந்துகொள்ளும் குடும்ப வசதியும் இருந்தது. அப்படியானால் இன்ஸ்டால் செய்துவிட்டு டிஸ்க்கை விற்றுவிடலாமே? அதைத் தடுக்கத்தான் சர்வரிடம் தினமும் ஆஜர். கெடு போனபோது குடும்ப வசதியும் சேர்ந்து போனது, டிஸ்க்கை டிரைவில் வைத்தால்தான் கேம் ஓடும் என்ற பழைய முறை திரும்பி வந்தது. டிஸ்க்கைச் செருகச் சொல்வதும் ஒரு சரிபார்ப்புதான். நெட் இல்லாமல் நடப்பதால் யாரும் அதைக் குறை சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஆக, சரிபார்ப்பே இல்லாத கன்சோல் என்று ஒன்று கிடையாது. எப்போது கேட்கிறது, எதைக் கேட்கிறது என்பதில்தான் மைக்ரோசாப்ட், சோனி, நின்டெண்டோ ஆகிய மூன்று கம்பெனிகளும் பிரிகின்றன.

டிஜிட்டலாக வாங்கியவை

இங்கே எக்ஸ்பாக்ஸுக்கும் பிளேஸ்டேஷனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு கணக்குக்கு ஒரு கன்சோல் 'வீடு'. அந்தக் கன்சோலில் நெட் இல்லாமலே ஆடலாம், அதில் லாகின் செய்யும் மற்றவர்களும் உங்கள் கேம்களை ஆடலாம். எக்ஸ்பாக்ஸில் இதன் பெயரே ஹோம் எக்ஸ்பாக்ஸ், வருடத்துக்குச் சில முறை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பிளேஸ்டேஷன் 5-இல் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே' என்ற நீளமான பெயரில் செட்டிங்ஸுக்குள் கிடக்கிறது. இதை ஆன் செய்யாத கன்சோலில் நெட் போனால் கேம் படத்தின் மேல் குட்டியாக ஒரு பூட்டுச் சின்னம் வந்துவிடும். நெட் திரும்பியும் பூட்டு போகவில்லை என்றால் 'ரீஸ்டோர் லைசென்சஸ்' கொடுத்துப் பார்க்க வேண்டும்.

நின்டெண்டோவும் முதலில் இதே வழியில்தான் போனது. அதன் ஸ்விட்ச் கன்சோல்களில், 'முதன்மை' என்று அமைக்காத ஒன்றில் ஒரு டிஜிட்டல் கேமைத் தொட்டால், இந்தக் கேமை ஆட முடியுமா என்று பார்க்கிறேன் என ஒரு செய்தி வந்து நிற்கும். நெட் மெதுவாக இருந்தால் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 2025-இல் வந்த 'வர்ச்சுவல் கேம் கார்ட்' முறை இதை மாற்றியது. டிஜிட்டல் கேமை, கன்சோலில் செருகும் கேம் அட்டையான கார்ட்ரிட்ஜ் போலவே ஒரு கன்சோலிலிருந்து கழற்றி இன்னொன்றில் ஏற்றலாம். ஏற்றும்போது நெட் வேண்டும், ஏற்றியபின் வேண்டாம். குடும்பக் குழுவில் உள்ளவருக்கு 14 நாள் இரவல் கொடுக்கலாம், அது முடிந்ததும் தானாகவே திரும்பி வந்துவிடும். ஆனால் இரவல் கொடுக்கும்போது இரண்டு கன்சோலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். தூர ஊரில் இருக்கும் தம்பிக்கு அனுப்பலாம் என்று ஆசைப்படாதீர்கள். இருந்தாலும் மூன்றில் இதுதான் நேர்மையான ஏற்பாடு என்பேன். எந்தக் கேம் எந்தக் கன்சோலில் இருக்கிறது என்பதாவது கண்ணுக்குத் தெரிகிறது.

டிஸ்க், கார்ட்ரிட்ஜ்

நெட்டே இல்லாத இடத்துக்குப் பழைய ஸ்விட்ச்சின் கார்ட்ரிட்ஜை மிஞ்ச ஒன்றுமில்லை. சில கேம்களில் பாதி டவுன்லோட் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். அவற்றைத் தவிர்த்தால், செருகியதும் ஓடும்.

பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கும் பெரும்பாலும் நம்பகமானதுதான். ஆனால் 2023-இல் வந்த மெலிந்த மாடலில் டிஸ்க் டிரைவைத் தனியாகக் கழற்றலாம், அதைக் கன்சோலோடு முதல்முறை இணைக்க நெட் வேண்டும். ஒருமுறைதான், சரி. ஆனால் இன்னும் இருபது வருடம் கழித்து டிரைவ் பழுதாகி வேறு டிரைவ் மாட்டினால்? அப்போது அந்தச் சர்வர் இருக்குமா? இது வீண் பயம் இல்லை. பிளேஸ்டேஷன் 4-இல் உள்ளே இருக்கும் கடிகார பேட்டரி செத்து, கன்சோலும் சோனியின் சர்வரை எட்ட முடியாமல் போனால், டிஸ்க் கேம்கூட ஓடாது என்பது 2021-இல் வெளியே தெரிய வந்தது. அந்த வருடமே 9.00 அப்டேட்டில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். யாரும் தோண்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸில் பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் டிஸ்க்கைப் போட்டால் ஆரம்பத்தில் நெட்டில் ஒரு சரிபார்ப்பு நடந்துவந்தது. 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு. ஆனால் கன்சோலை முதன்முதலாக அமைக்க இன்றும் நெட் வேண்டும்.

இனி ஸ்விட்ச் 2-இன் 'கேம்-கீ கார்ட்'. பார்க்க அசல் கார்ட்ரிட்ஜ்தான், ஆனால் உள்ளே கேம் கிடையாது. செருகினால் கேம் முழுவதையும் டவுன்லோட் செய்ய வேண்டும், அது கன்சோலின் சேமிப்பிடத்தையும் விழுங்கும். அப்புறம் ஒவ்வொரு முறை ஆடும்போதும் கார்டும் செருகியிருக்க வேண்டும். டிஜிட்டலின் தொல்லையும் டிஸ்க்கின் தொல்லையும் ஒரே பெட்டியில்! ஒரு நன்மை உண்டு. கார்ட் எந்தக் கணக்கோடும் ஒட்டிக்கொள்வதில்லை என்பதால் விற்கலாம், கைமாற்றாகக் கொடுக்கலாம். டவுன்லோட் முடிந்தபின் நெட் இல்லாமலும் ஓடும். ஆனால் டவுன்லோட் சர்வர் போன நாளில் கையில் மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக். சைபர்பங்க் 2077 என்ற பெரிய கேமே முழுதாக 64 ஜிபி கார்ட்ரிட்ஜில் வந்ததைப் பார்த்தால், கேம் பெரிதாக இருப்பதால் வேறு வழியில்லை என்ற சமாதானம் என்னிடம் முழுசாகச் செல்லுபடியாகவில்லை. பெட்டியின் முன்பக்கத்தில் கீழே சாவிச் சின்னம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சந்தா

இதில் வாதமே இல்லை. எக்ஸ்பாக்ஸின் சந்தாச் சேவையான கேம் பாஸில் 30 நாளுக்கு ஒருமுறையாவது நெட்டில் வர வேண்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைனின் பழைய கேம் தொகுப்புகளுக்கு 7 நாள். 2013-இன் கெடு நீண்ட கயிற்றோடு திரும்பி வந்ததுதான் இது. வாடகைப் பொருளுக்கு வாடகை விதி இருப்பதில் எனக்குப் புகார் இல்லை.

கன்சோல் விட்டாலும் கேம் விடாது

கன்சோல் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் கேமே முரண்டு பிடிக்கலாம். கிரான் டூரிஸ்மோ 7-இல் தனியாக ஓட்டும் பந்தயங்களில் பெரும்பாலானவற்றுக்குக்கூட நெட் தேவை. 2022 மார்ச்சில் ஓர் அப்டேட் சொதப்பி சர்வர் 30 மணி நேரத்துக்கு மேல் படுத்தபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களும் டவுன்லோட் வைத்திருந்தவர்களும் ஒன்றாகவே காத்திருந்தார்கள். டையாப்லோ 3 இதற்கு நேர்மாறு. கணினியில் எப்போதும் நெட் வேண்டும் என்று அடம்பிடித்த அதே கேம் கன்சோலுக்கு வந்தபோது ஆஃப்லைனிலேயே ஓடியது. தொழில்நுட்பத்தில் முடியாது என்ற பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என்பதற்கு இது ஒன்றே போதும்.

எதை வாங்குவது?

நெட் அடிக்கடி போகும், அல்லது பயணத்தில்தான் ஆடுவேன் என்றால் ஸ்விட்ச், முழுக் கேமும் உள்ள கார்ட்ரிட்ஜோடு. வீட்டிலேயே ஆடி, முடித்ததும் விற்றுவிடும் பழக்கம் உள்ளவருக்கு டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5. டிரைவை வாங்கிய அன்றே இணைத்துவிடுங்கள். நெட் எப்போதும் உண்டு, வாடகையே போதும் என்பவருக்கு எக்ஸ்பாக்ஸ். அவர்தான் இந்தக் கட்டுரையிலேயே கவலை குறைந்த ஆள். எதை வாங்கினாலும் நெட் இல்லாத இடத்துக்குக் கிளம்பும் முன் மூன்று வேலை: அதை 'வீட்டுக்' கன்சோலாக அமையுங்கள், எல்லாக் கேம்களையும் ஒருமுறை திறந்து மூடுங்கள், பிறகு வைஃபையை அணைத்துவிட்டு இன்னொருமுறை திறந்து பாருங்கள்.