இடது மூலையில் ‘க’ என்று கீறியிருக்கும் சப்வூஃபரை வாங்கிவிடாதீர்கள்

கண்டிப் பக்கத்து ஜப்பான் சாமான் கடையொன்றின் விளம்பரத்தை நேற்று இரவு பார்த்தேன். 10 அங்குல சப்வூஃபர் (அடிச்சத்தத்துக்கான தனிப் பெட்டி), கறுப்பு நிறம், ‘ஏ கிரேட்’, 38,000 ரூபா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இடது பக்கப் பலகையின் கீழ் மூலையில் ‘க’ என்று ஒரு கீறல். என் மகள் ஆணியால் கீறியது அது. எழுத்துப் பழகிய புதிதில், பெட்டி வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே கீறிவிட்டாள், நானும் ஏசிவிட்டேன். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன். அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் பழைய ஸ்பீக்கர் தேடுகிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் வீடு தலவாக்கலையில். முன் அறை 10க்கு 12 அடி. அப்பா 34 வருஷம் தேயிலை ஸ்டோரில் ரோலர் பக்கம் வேலை செய்தவர். அந்த இரைச்சலிலேயே காது பாதி போய்விட்டது. படம் பார்க்க உட்கார்ந்தால் வசனத்துக்கு வசனம் “என்னப்பா சொல்றான்?” என்று கேட்பார். சத்தத்தைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழும்பி அழும். மச்சான் கட்டாரிலிருந்து கொண்டுவந்த ரிசீவர் ஒன்று, ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, சும்மா கிடந்தது. ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் உள்ள 5.1 செட்டில் வசனம் பெரும்பாலும் நடுப்பெட்டியில்தான் வரும், அதை மட்டும் தனியாகக் கூட்டி வைக்கலாம் என்று தெரிந்தபோது அப்பாவுக்காக ஒரு செட் வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். புதுசு கட்டுப்படியாகாது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதிலிருந்து புது ஸ்பீக்கரின் விலையைக் கேட்கவே தயக்கம். அப்பா தன் சேவைக்காலப் பணத்தில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்துத் தந்தார். நான் வேண்டாம் என்றேன். “நீயும் பாரு, நானும் பாக்கிறேன்” என்று கையில் திணித்தார். போனது அந்தக் காசு. அதனால்தான் இத்தனை மாதமாகியும் எனக்கு ஆறவில்லை.

மச்சானின் வேனில் நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போனோம். கடை மெயின் ரோட்டோரம். உள்ளே கூரை வரை பெட்டிகள். முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு, ஒரு சப்வூஃபர், எல்லாம் ஒரே கம்பெனி. மேளம் அடிக்கிற பாட்டொன்றைக் கடைக்காரர் போட்டார். கண்ணாடி அலுமாரி அதிர்ந்தது. வெளியே பஸ் ஹோர்ன் வேறு. உண்மையைச் சொன்னால் அந்த அதிர்விலேயே நான் பாதி விழுந்துவிட்டேன். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“ஒவ்வொண்ணாத் தனியாப் போட்டுக் காட்டுங்களேன் முதலாளி.”

“இது செட் சேர், செட்டாத்தான் கேக்கணும். பிரிச்சுக் கேட்டா என்ன விளங்கும்?”

“முன்னால இருக்கிற துணியைக் கழட்டிப் பாக்கலாமா?”

“வேணாம் சேர், பழைய சாமான், கிளிப் உடைஞ்சிரும்.”

“சப்வூஃபர் ஜப்பான் கரண்ட்டா?”

“எல்லாம் மாத்தியாச்சு சேர். பாருங்க, நம்ம பிளக்தானே இருக்கு.”

வயரின் நுனியில் நம்மூர் மூன்று முனை பிளக் இருந்தது உண்மை. 78,000 ரூபா எண்ணிக் கொடுத்தேன். கடைப்பெயர் எதுவும் அச்சடிக்காத துண்டுச் சீட்டில் ‘ஸ்பீக்கர் செட் 78,000’ என்று எழுதித் தந்தார். முதல் இரண்டு கேள்விக்கும் மறுப்பு வந்தபோதே நான் எழும்பி வந்திருக்க வேண்டும்.

வந்த முதல் மூன்று நாள் வயர் இழுப்பதிலேயே போய்விட்டது. மூன்றாம் நாள் இரவு சப்வூஃபரைப் பிளக்கில் போட்டேன். பாட்டு எதுவும் போடவில்லை. பெட்டி தானாக ‘ம்ம்ம்’ என்று கனமாக முனக ஆரம்பித்தது. வயரில் ஏதோ பிழை என்று நினைத்துக் கேபிளைக் கழற்றினேன், முனகல் நிற்கவில்லை. எனக்கு எதுவும் உறைக்குமுன் அப்பா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். “கருகுதுடா, கழட்டு, கழட்டு!” ஸ்டோரில் ட்ரையர் பக்கத்துக் கருகலை ஒரு மூச்சில் கண்டுபிடித்துப் பழகிய மூக்கு அது. நான் பிளக்கை இழுத்தபோது பின்பக்கத் தகட்டின் ஓரத்தில் மெல்லிய புகை வந்தது. மகள் பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அட்டனில் ரேடியோ திருத்தும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் முதலில் செய்தது, பின்பக்கத் தகட்டில் கடைக்காரர் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் சுரண்டியது. அதற்குக் கீழே வெள்ளை எழுத்தில் அச்சடித்திருந்தது: ஏசி 100 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ். “தம்பி, இத மறைக்கத்தான் இங்க ஒட்டியிருக்கான்” என்றார். அப்புறம் ஆணிகளைக் கழற்றித் தகட்டை வெளியே இழுத்தார். உள்ளேயிருந்த ட்ரான்ஸ்போமரைச் சுற்றியிருந்த மஞ்சள் தாள் பழுப்பேறிக் கருகியிருந்தது. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஃபியூஸ் இல்லை. வயருக்குள் இருக்கும் செப்புக் கம்பி நாலைந்தை முறுக்கி இரண்டு பக்கமும் ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள். ஃபியூஸ் இருந்திருந்தால் அது எரிந்து, பெட்டி தப்பியிருக்கக்கூடும் என்றார் அண்ணன். கம்பி இருந்ததால் பெட்டியே எரிந்தது.

இதைக் கவனமாக விளங்கிக்கொள்ளுங்கள், ஜப்பான் சாமான் வாங்குகிற எல்லோருக்கும் இது பொருந்தும். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230. வெறும் ஸ்பீக்கர் பெட்டியைச் சுவர்க் கரண்ட்டில் கொடுப்பதில்லை, ரிசீவரிலிருந்துதான் அதற்குச் சக்தி வருகிறது, ஆகவே அது எந்த நாட்டுப் பெட்டியாக இருந்தாலும் பரவாயில்லை. சப்வூஃபர் அப்படியல்ல. பெரும்பாலானவற்றின் உள்ளே சத்தத்தைப் பெருக்குகிற தனி அம்ப் இருக்கும், அதற்குத் தனி பிளக். நம்முடைய 230 வோல்ட்டை 100 ஆக இறக்கித் தரும் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் நேரே போட்டால் இரண்டு மடங்குக்கு மேல் வோல்ட் ஏறும். பிளக்கை வெட்டி மாற்றுவது 5 நிமிட வேலை. உள்ளே எதுவும் மாறியிருக்காது. கடையில் அவர் மேசைக்குக் கீழே பெரிய ட்ரான்ஸ்போமர் வைத்துத்தான் ஓட்டிக் காட்டியிருக்க வேண்டும். நான் குனிந்து பார்க்கவில்லை.

சப்வூஃபரைத் திரும்பக் கொண்டுபோனோம். “நீங்க எதுல பிளக் பண்ணினீங்கன்னு எங்களுக்குத் தெரியுமா?” என்றார். திருத்தித் தருகிறேன் என்று வாங்கி வைத்து இரண்டு மாதம் இழுத்தடித்தார். கடைசியில் சாமான் கிடைக்கவில்லை, வேண்டுமானால் 12,000 தருகிறேன் என்றார். வாங்கிக்கொண்டு வந்தேன். நேற்று விளம்பரத்தில் வந்திருப்பது அந்தப் பெட்டிதான்.

மற்றப் பெட்டிகளின் கதை மெதுவாகத்தான் வெளியே வந்தது. இடது முன்பெட்டி இரண்டு வாரத்தில் ‘டர்ர்’ என்று இரைய ஆரம்பித்தது. துணிச் சட்டத்தைக் கழற்றினேன், கிளிப் ஒன்றும் உடையவில்லை. ஸ்பீக்கரின் நடுவில் அதிர்கிற கூம்பான கோனைச் சுற்றி வளையமாக ஒரு ஸ்பஞ்ச் இருக்குமே, அது கன்னங்கரேல் என்று பளபளத்தது. விரலால் தொட்டேன், மைபோல் ஒட்டியது. கொஞ்சம் அழுத்தினேன், பழைய ரொட்டி மாதிரி உதிர்ந்து உள்ளே விழுந்தது. பழைய ஸ்பீக்கர்களில் இந்த வளையம் நுரை ரகம். 15, 20 வருஷத்தில், காற்றின் ஈரத்தாலும் வெயிலாலும், பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் மக்கிப் போகும். மூடுபனி வீட்டுக்குள் வருகிற நம்முடைய இடங்களில் அதற்குப் பிழைப்பே இல்லை. மக்கிய வளையத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி, துணிச் சட்டத்தை மாட்டி விற்றிருக்கிறார்கள். ரப்பர் வளையம் உள்ள பெட்டியாக இருந்தால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. நீங்கள் தேடும்போது ரப்பரையே தேடுங்கள்.

எனக்கு மிகவும் வலித்தது நடுப்பெட்டி. அதற்காகத்தானே செட்டே வாங்கினோம். அதன் சத்தத்தைக் கூட்டக் கூட்ட அப்பா இன்னும் அதிகமாகக் கேட்டார், “என்ன சொல்றான்?” நான் அவருடைய காதைத்தான் நினைத்து வருத்தப்பட்டேன். ஒரு மாதம் அப்படியே போனது. ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு நானே கேட்டுப் பார்த்தேன். கடை, தடை, படை, சடை, எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது, முதலெழுத்தே இல்லை. கொப்பித் தாள் ஒன்றைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறு முனையை மேல்சத்தம் தருகிற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு நேராகவும் வைத்தேன். ஒரு ‘ஸ்’ கூட இல்லை. ட்வீட்டர் செத்துப்போயிருந்தது. ச, ப, த, க போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற மேல்சத்தம் அதிலிருந்துதான் வர வேண்டும். காது மங்கிய மனிதருக்கு முதலில் தேவைப்படுவதும் அதுதான். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது பெட்டி சரி என்றே காட்டியது. ஏனென்றால் ட்வீட்டருக்குப் போகிற வழியில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், மீட்டரின் கரண்ட் அதைத் தாண்டாது. பின்பக்க முனைகளில் மீட்டர் பெரிய ஸ்பீக்கரான வூஃபரை மட்டும்தான் பார்க்கும். ட்வீட்டருக்குக் காதை விட்டால் வேறு மீட்டர் கிடையாது.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: ஒவ்வொரு பெட்டியையும் தனியாக, சின்னச் சத்தத்தில், ஆள் பேசுகிற ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். செய்தி வாசிப்பு போதும். மேளம் வேண்டாம், மேளம் எல்லாப் பிழையையும் மூடிவிடும். தாள் குழல் இல்லாமல் போகாதீர்கள். துணிச் சட்டத்தைக் கழற்ற விடாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கழற்ற விட்டால், கோனின் இரண்டு பக்கமும் விரல்களை வைத்துச் சமமாக, மெதுவாக உள்ளே தள்ளிப் பாருங்கள். வழுக்கிப் போய் வர வேண்டும். மணல் உரசுகிற மாதிரிச் சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) தேய்கிறது, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். மீட்டர் இருந்தால் கொண்டுபோங்கள். 8 ஓம் என்று எழுதிய பெட்டி 6, 7க்குள் காட்டினால் சரி, 4 ஓம் பெட்டி 3க்கும் 4க்கும் இடையில் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் வூஃபர் காயில் அறுந்திருக்கும். பெட்டியின் அடிப்பலகையைத் தடவிப் பாருங்கள். ஈரம் குடித்த பலகை ஓரத்தில் உப்பி நிற்கும், மூக்கை வைத்தால் பூஞ்சண வாசம் வரும்.

சப்வூஃபருக்கு, முதலில் பின்தகட்டில் வோல்ட் எழுதிய இடம். சீட்டு ஒட்டியிருந்தால் உரியுங்கள். பிறகு எந்தக் கேபிளும் மாட்டாமல் பெட்டியை மட்டும் போட்டு அமைதியாகக் கேளுங்கள், ஒரு அடி தள்ளி நின்றும் முனகல் கேட்டால் பவர் பக்கம் கோளாறு. கடைசியாக, ஒரே சுருதியில் சத்தம் தருகிற ஆப் ஒன்றை ஃபோனில் போட்டு, கேபிள் வழியாக 60, 50, 40, 30 ஹேர்ட்ஸ் என்று மெதுவாக இறக்குங்கள். இறங்க இறங்கச் சத்தம் குறையலாம். ஆனால் பிசிறோ, தட்டலோ வரக்கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் அறை அளவுக்கு ஐந்து பெட்டியே தேவையில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். லயன் வீட்டிலோ சுவர் ஒட்டிய வீட்டிலோ இருக்கிறவர்களுக்கு இன்னும் தேவையில்லை, சப்வூஃபரின் அடிச்சத்தம் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக் கட்டிலை ஆட்டும். உதிராத நல்ல பெட்டி இரண்டு போதும். அட்டன் அண்ணன் எங்கள் முன்பெட்டி இரண்டுக்கும் புது வளையம் போட்டுத் தந்தார். ரிசீவரில் நடுப்பெட்டி ‘இல்லை’ என்று அமைத்தேன். அப்படிச் செய்தால் வசனம் இடது, வலது இரண்டுக்கும் சமமாகப் பிரிந்து, நடுவிலிருந்து வருவது போலவே கேட்கும். போன ஞாயிறு ஒரு படம் முழுவதும் பார்த்த அப்பா, இரண்டே இரண்டு தடவைதான் என்னைக் கேட்டார்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கடைப்பெயர் இல்லாத அந்தத் துண்டுச் சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நான் தயங்கிக்கொண்டே இருந்துவிட்டேன். இந்தப் புது விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், கீறல் தெளிவாகத் தெரிகிறது. அதையும் சேர்த்து இந்த வாரம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். நீங்கள் கடைப்பெயரும் திகதியும் கரண்ட் அளவும் எழுதிய பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

யாராவது ஏற்கெனவே அந்தப் பெட்டியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால், இடது பக்கப் பலகையில் ‘க’ இருந்தால், பிளக்கில் போடாதீர்கள். பின்தகட்டைக் கழற்றி ஃபியூஸ் இடத்தைத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.