‘மெட்டல் கியர் அப்படித்தான் கத்தும்’ என்பவரிடம் ஜாக்கிரதை

ரிமோட் லாரி கட்டும் ஆசையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். ஒரு கியர் பாக்ஸ் சத்தத்துக்குப் பின்னால் ஓடி நான் விட்டது 12,300 ரூபாய். கடைசியில் அது சரியானது 640 ரூபாயில்.

சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த டாமியா கிங் ஹாலர் கிட் என்னுடையது. 1/14 அளவு, 540 என்ற அளவு மோட்டார், மூன்று ஸ்பீடு கியர் பாக்ஸ். கியர் மாற்ற ஒரு சர்வோ, அதாவது ரிமோட் சொன்னபடி தள்ளும் குட்டி மோட்டார். ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்துப் பார்த்துக் கட்டினேன். அதிர்வில் ஸ்க்ரூ தளர்ந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கியர் பாக்ஸ் மூடியின் ஸ்க்ரூ தலைகளில் மகளின் ஊதா நிற நெயில் பாலிஷைக்கூடத் தொட்டு வைத்திருந்தேன். லாரி நன்றாக ஓடியது. சத்தமும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

முழுக்க மெட்டல் கியர் பாக்ஸ் என்று ஒருவர் ஆன்லைனில் விற்றுக்கொண்டிருந்தார். எட்டு பால் பேரிங், 20 கிலோ டிரெய்லரை இழுக்கும், விலை 10,000. பழைய பெட்டியைக் கொடுத்தால் 1,500 கழித்துக்கொள்வாராம். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்கலாம் என்றால் சுங்க வரி பயமுறுத்தியது. பொம்மைகளுக்கான அடிப்படை வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. அதனால் உள்ளூர் ஆளே மேல் என்று நினைத்தேன். பில் கேட்டதற்கு, “பில் போட்டா டேக்ஸ் சேரும்ணா, உங்களுக்குத்தான் நஷ்டம்” என்றார். என் மேல் அவ்வளவு அக்கறை! சொந்த எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னார். பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டு அப்படியே செய்தேன்.

வந்த பெட்டியை மாட்டி பேட்டரியைச் சொருகினேன். வெட் கிரைண்டரில் உளுந்துக்குப் பதிலாகக் கூழாங்கல்லைப் போட்டு ஓட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். மூன்று கியரிலும் அதே சத்தம். வீடியோ எடுத்து அனுப்பினேன். “மெட்டல் கியர்ணா, அப்படித்தான் கத்தும். ரெண்டு பேட்டரி ஓட்டுங்க, செட் ஆயிடும்” என்று பதில் வந்தது. ஓட்டினேன். செட் ஆகவில்லை. மோட்டார் பக்க இடுக்கில் வழிந்த கிரீஸ் கறுத்துப்போய், அதில் இரும்புத்தூள் மினுமினுத்தது. பற்கள் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கின்றன என்று அதற்கு அர்த்தம். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

அடுத்து, குற்றம் மோட்டார் மேல் என்றார். 55 டர்ன் (உள்ளே கம்பி எத்தனை சுற்று என்ற கணக்கு) மோட்டார் போட்டால் அடங்கிவிடும், 1,900 ரூபாய், பினியன் (மோட்டார் தண்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்) மாட்டியே அனுப்புகிறேன் என்றார். போட்டதும் சத்தம் பாதியாகக் குறைந்தது உண்மைதான். ஏன் குறைந்தது என்பதைக் கேளுங்கள். டர்ன் கூடினால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் எந்தக் கோளாறும் மெதுவாகத்தான் கத்தும். நோய் போகவில்லை, குரல்தான் தணிந்தது. பழைய மோட்டாரைக் கழற்றி மேஜைமேல் தனியாக ஓட்டிப் பார்த்திருந்தால் அது பூனை மாதிரி ஓடியிருக்கும், 1,900 மிச்சமாகியிருக்கும். இதைச் செய்யாதது முழுக்க என் முட்டாள்தனம்.

மூன்றாவது கட்டம் ‘சர்வீஸ்’. கூலி 1,600, போக வர கூரியர் 300. மூன்று வாரம் கழித்து வந்தது. மூடியின் இணைப்பின்மேல் ஒரு ஸ்டிக்கர்: பிரித்தால் வாரண்டி இல்லை. ஓட்டினேன், சத்தமே இல்லை. மனதாரப் பாராட்டி மெசேஜ் வேறு போட்டேன். பத்தே நிமிடத்தில் பழைய கூழாங்கல் திரும்ப வந்துவிட்டது. பெட்டி நிறையக் கெட்டி கிரீஸை அடைத்து அனுப்பியிருக்கிறார். ஓட ஓட அது பல்லை விட்டு ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என் மெசேஜைப் பார்ப்பார், பதில் மட்டும் வராது.

கோவையில் இருந்துகொண்டு ஒரு கியருக்காக இப்படி அலைகிறோமே என்று வெட்கமாகிவிட்டது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். அவர் எதையும் பிரிக்கவில்லை. ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பெட்டிமேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். மோட்டார் பக்கம், நடு, பின்பக்கம் என்று மூன்று இடத்தில் கேட்டார்.

“மூணு கியர்லயும் ஒரே மாதிரிதானுங்க தம்பி கத்துது. அப்ப மூணுக்கும் பொதுவா இருக்கறதுதான் கோளாறு. முன்னாடி பாருங்க.”

ஸ்டிக்கரைக் கிழித்தோம். மோட்டார் பினியனுக்கு 12 பல். அது கடிக்கிற பெரிய சக்கரத்துக்கு 38 பல். கேலிப்பரில் சக்கரத்தின் வெளி விட்டம் 24 மி.மீ. பல்லின் எண்ணிக்கையோடு 2 கூட்டி, அதால் விட்டத்தை வகுக்க வேண்டும். 24-ஐ 40-ஆல் வகுத்தால் 0.6, அதாவது 0.6 மாட்யூல். மாட்யூல் என்பது பல்லின் அளவு, ஒன்றையொன்று கடிக்கிற இரண்டுக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். அதே கணக்கில் பினியன் 8.4 மி.மீ. இருந்திருக்க வேண்டும். இருந்தது 7.4. அது 48 பிட்ச் என்ற அங்குலக் கணக்குப் பினியன், மாட்யூல் கணக்கில் சுமார் 0.53. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மோட்டாரை நெருக்கித் தள்ளி மாட்டினால் சுற்றவும் சுற்றும். ஆனால் ஒரு பல்கூட ஒழுங்காக உட்காராது. “இதை யாரு மாட்டுனது?” என்று கேட்டுப் பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். பெட்டியோடு வந்த முதல் பினியனைத் தேடி எடுத்து அளந்தோம். அதுவும் 7.4 தான்.

அதோடு முடியவில்லை. எட்டு பேரிங்கில் நான்கு பேரிங்கே இல்லை, குண்டு இல்லாத வெறும் வளையமான வெள்ளை பிளாஸ்டிக் புஷ். சூட்டில் துளை முட்டை வடிவமாகி, தண்டு ஆடிக்கொண்டிருந்தது. உள்துளை 5, வெளி விட்டம் 11, கனம் 4 மி.மீ. பேரிங் கடையில் எம்.ஆர். 115 என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். நான்குக்கு 240, சரியான பினியன் 250, பெரியவருக்குக் கூலி 150. பெரிய சக்கரத்தில் தேய்மானம் குறைவுதான், பிழைத்துக்கொண்டது. மெல்லிய காகிதத் துண்டை இரண்டு பல்லுக்கும் நடுவே கொடுத்து, மோட்டாரை அழுத்தி ஸ்க்ரூவை இறுக்கிவிட்டுக் காகிதத்தை உருவிவிடுங்கள் என்றார். அந்த மெல்லிய இடைவெளிதான் வேண்டும். ரொம்ப நெருக்கினால் கீச்சென்று ஊளையிடும், ரொம்ப விட்டால் கடகடக்கும்.

அவரிடம் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சுற்றுக்கு ஒரு ‘டக்’ என்று கணக்காக வந்தால் ஏதோ ஒரு பல் உடைந்திருக்கிறது, அல்லது பிசிர் நிற்கிறது. ஒரே ஒரு கியரில் மட்டும் நறநறவென்றால் கியரைக் குறை சொல்வதற்கு முன் சர்வோவைப் பாருங்கள். அது முழுத் தூரம் தள்ளாவிட்டால் பற்கள் பாதிதான் பிடித்திருக்கும், ரிமோட்டில் எண்ட் பாயிண்டை (சர்வோ போகும் தூரத்தின் எல்லை) கூட்டினாலே போதும். வளைவில் மட்டும் என்றால் டிஃபரென்ஷியல், அதாவது திரும்பும்போது இரண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்த் தொகுதி. வேகம் கூடக் கூட வண்டியே உதறினால் கியர் பாக்ஸைத் தொடவே வேண்டாம். கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் தண்டின் இரண்டு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா பாருங்கள். ஒன்று திரும்பியிருந்தால் உதறும்.

ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கிற பெட்டியை வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மாட்டுவதற்கு முன் திறந்து காட்டி வீடியோ கேளுங்கள், பேரிங்கை எண்ணுங்கள், பினியனுக்கும் சக்கரத்துக்கும் மாட்யூல் என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். பில் இல்லையென்றால் நகர்ந்துவிடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு நானும் கூப்பிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. ஆனால் என் கையில் இருப்பது வாட்ஸ்அப் பேச்சும் ஜிபே ரசீதும் மட்டும்தான். அதை வைத்துப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன், பார்ப்போம்.

போன வாரம் அதே ஆள் புது விளம்பரம் போட்டிருந்தார். ‘ஒரிஜினல் த்ரீ ஸ்பீடு கியர் பாக்ஸ், பிரிக்காத புதுசு, 4,500 மட்டும்.’ மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூடியின் ஸ்க்ரூ தலைகளில் ஊதா நிற நெயில் பாலிஷ்.