பிரெப்பியா, காகுனோவா?

கும்பகோணத்து அடைமழையில் நோட்டுத் தாளே ஈரம் குடித்துவிடும். தடித்த நிப்பால் எழுதினால் ‘ண’வின் சுழிகள் அடைந்துபோகும். அதனால்தான் ஜப்பானிய மைப்பேனாக்களின் மெல்லிய நிப் மீது எனக்கு இத்தனை பிரியம். பிளாட்டினம் நிறுவனத்தின் பிரெப்பி பேனாவின் 0.3 மி.மீ. முனையில் மூன்று சுழியும் தனித்தனியே தெரிகின்றன. மூடிக்குள் ஸ்பிரிங்கோடு இன்னொரு உள்மூடி நிப்பைப் பொத்திக்கொள்வதால், மாதக்கணக்கில் மேசையில் கிடந்தாலும் மை காய்வதில்லை.

பைலட் நிறுவனத்தின் காகுனோ பேனா 2013-இல் குழந்தைகளை மனதில் வைத்து வந்தது. அறுகோண உடல், நிப்பில் சிரித்த முகம். முகம் மேலே பார்த்தால் பிடி சரி! வழவழவென்று ஓடுவதில் இதுவே மேல். ஆனால் சட்டைப்பையில் செருகக் கிளிப் கிடையாது, விலையும் கூடுதல்.

பள்ளிப் பிள்ளைக்குக் காகுனோ வாங்குங்கள். தினமும் கணக்கு எழுதும் எனக்குப் பிரெப்பிதான். மை நிரப்பும் கன்வெர்ட்டரை இரண்டுக்குமே தனியாகத்தான் வாங்க வேண்டும்.