பத்மினி காருக்குக் கறுப்பு கோட்டிங்கா, மெழுகா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வாட்டர் சர்வீஸ் செய்யும் கடைகளில் வண்டியின் அடிப்பக்கம் துருப்பிடிக்காமல் இருக்க 'அண்டர்பாடி கோட்டிங்' என்று கேட்டால் பெரும்பாலும் தாரும் ரப்பரும் கலந்த கறுப்புப் பூச்சைத்தான் அடிப்பார்கள். புது வண்டிக்கு அது சரி. ஜல்லி தெறிப்பைத் தாங்கும், இரைச்சலும் குறையும். முப்பது வயது தாண்டிய பிரீமியர் பத்மினிக்கு அதை அடிப்பது, புரையோடிய புண்ணைத் துணியால் மூடி வைக்கிற வேலை.

பத்மினிக்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம் கிடையாது, பாடியே சேஸிஸ். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி, அதாவது டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்று சொல்வது, வண்டியின் பாரத்தைத் தாங்கும் பகுதி. அது உள்ளிருந்து அரித்து, கடைசியில்தான் வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றும் தெரிந்த எதிரிகள். அறுவடை நேரத்தில் ரோட்டில் பரப்பிய வைக்கோல் மட்கார்டு மடிப்பில் அடைந்து மாதக்கணக்கில் ஊறுவதைப் பலர் பார்ப்பதில்லை. டிக்கியில் உர மூட்டை ஏற்றுவது அதைவிட மோசம். பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. சிந்திய ஒரு பிடி போதும், தகரம் ஓட்டையாக.

கறுப்பு பூச்சு நாளாக ஆக இறுகி வெடிக்கும். வெடிப்பில் நுழைந்த தண்ணீர் பூச்சுக்கும் தகரத்துக்கும் நடுவே தங்கிவிடும். அடிக்கிற பையன் ரன்னிங் போர்டு, கதவு அடியில் இருக்கும் வடிகால் துளைகளையும் சேர்த்து மூடிவிடுவான், இது இன்னும் பெரிய கேடு. பூச்சு ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு துளையிலும் ஈர்க்குச்சி விட்டுப் பாருங்கள்.

பழைய வண்டிக்கு ஏற்றது, உள்ளறைகளுக்குள் பீச்சும் கேவிட்டி வாக்ஸ் எனும் மெழுகு ஸ்ப்ரே. 500 மி.லி. கேன், பத்மினி அளவுக்கு நாலைந்து ஆகும். கேனைவிட அதோடு வரும் குழாயைப் பார்த்து வாங்குங்கள். இரண்டடிக்குக் குறையாத நீளமும், நுனியில் சுற்றிலும் பீச்சும் துளைகளும் வேண்டும். நேராக மட்டும் பீச்சும் குழாய் தண்டம்.

வெல்டிங் முழுக்க முடிந்த பிறகே மெழுகு. பின்னால் வெல்டிங் வைத்தால் அது தீப்பிடிக்கும். ஓட்டைக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட் எனும் இரும்புத் தகட்டில் பேட்ச், அதன்மேல் எபாக்சி பிரைமர் எனும் அடிப்பூச்சு, அப்புறம்தான் மேடுபள்ளத்தை நிரப்பும் பட்டி. வெறும் தகரத்தில் பட்டி போட்டால் அது ஈரத்தை உறிஞ்சி அடியிலேயே துருவை வளர்க்கும். துருவின்மேல் தடவும் ரஸ்ட் கன்வர்ட்டர் திரவம் பாஸ்பாரிக் ஆசிட் வகையானால், கழுவிக் காயவைக்காமல் அதன்மேல் எபாக்சி நிற்காது. மெழுகு அடிக்கும்போது குழாயை உள்ளறையின் கடைசி வரை செலுத்தி, பீச்சிக்கொண்டே மெதுவாக இழுக்கவும். துளை வழியே மெழுகு சொட்டினால் உள்ளே சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிரேக் டிரம், சைலன்சர் பக்கம் படக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலே இதற்கு நேரம். உள்ளறை காய்ந்திருக்கும், மெழுகும் இளகி இடுக்கெல்லாம் ஓடும்.

மெழுகுக்கு ஐந்துக்கு நான்கு மார்க் கொடுக்கலாம். வெளியே அடித்தால் தூசி ஒட்டும், பிரஷர் வாட்டரில் கழன்றுபோகும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும் என்பதால் ஒன்று கழிகிறது. பழைய என்ஜின் ஆயிலை டீசலில் கலந்து அடிக்கும் பழக்கத்துக்கு மார்க்கே இல்லை. அது சஸ்பென்ஷன் புஷ் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

முன் கண்ணாடி ரப்பர் ஒழுகினால் இத்தனையும் வீண். கார்ப்பெட்டுக்கு அடியில் ஃப்ளோர் ஷீட் ஊறிக்கொண்டே இருக்கும். வண்டி உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. மும்பையின் கடைசி பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரில் ஓய்ந்துவிட்டது. பிரித்த உதிரிக்குச் சென்னை புதுப்பேட்டைதான் நமக்குப் பக்கம். பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள், கியர் லீவர் ஸ்டியரிங்கில் உள்ள வண்டியா, ஃப்ளோரில் உள்ள வண்டியா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கதவுக் கைப்பிடி, பம்பர், கண்ணாடி அங்கே வாங்கலாம். பிரேக் வீல் சிலிண்டர் கிட் புதிதாக மட்டும். கண்ணாடி, கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை மடக்கிப் பாருங்கள், மடிப்பில் வெள்ளைக் கீறல் தெரிந்தால் அது கடையிலேயே கிழடாகிவிட்ட சரக்கு.