திறந்தவெளி இயற்கை விளையாட்டு வகுப்பு: ஒரு பெற்றோரின் மதிப்புரை

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்காக, மரங்கள் அடர்ந்த ஒரு திறந்தவெளியில் வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் நடக்கும் இயற்கை விளையாட்டு வகுப்பில் என் மகளைச் சேர்த்து, ஒரு பருவம் முழுவதும் உடனிருந்து கவனித்தேன். அங்கே ஊஞ்சலும் இல்லை, சறுக்குமரமும் இல்லை. மரக்கட்டைகள், கூழாங்கற்கள், கயிறு, மணல், சில வாளிகள், ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான்.

கல்லுக்கும் குச்சிக்கும் கட்டணமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஓர் இடத்தில் குழந்தைகள் தாமாக எடுத்து, நகர்த்தி, மாற்றிப் பார்க்கக்கூடிய பொருள்கள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்குக் கண்டுபிடிப்பும் கற்பனையும் வளரும் என்று 1971இல் சைமன் நிக்கல்சன் என்ற கலைஞர் எழுதிய கருத்து இங்கே கண்ணெதிரே நிகழ்கிறது. ஒருநாள் குழந்தைகள் மணலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டார்கள்; பாதி வழியிலேயே மணல் தண்ணீரைக் குடித்துவிட்டது. ஒரு சிறுவன் அகலமான இலைகளை அடியில் பரப்பினான். தண்ணீர் சற்றுத் தூரம் ஓடி, மேடான இடத்தில் தேங்கியது. மேட்டைக் கரைப்பதா, வாய்க்காலைச் சுற்றி வளைப்பதா என்று எழுந்த வாக்குவாதத்தில் ஆழம், சாய்வு, கனம், முன், பின் ஆகிய சொற்களெல்லாம் தேவை கருதியே பிறந்தன. இதைப் பலகையில் எழுதிக் கற்பிக்க எத்தனை பாடவேளை ஆகுமோ!

நடத்துநர்கள் குறுக்கிடாமல் இருந்ததே இந்த வகுப்பின் பெரிய பலம் என்பேன். உடைந்த கிளைகளையும் கூரிய கற்களையும் முன்கூட்டியே அகற்றிவிடுகிறார்கள்; அதன் பிறகு, தாழ்ந்த கட்டையின் மேல் தள்ளாடி நடக்கும் குழந்தையின் கையைப் பிடிக்காமல் எட்டும் தூரத்தில் மட்டும் நிற்கிறார்கள். பதற்றத்தோடு ஓடிவந்த பெற்றோரைத்தான் (என்னையும் சேர்த்து) அடக்க வேண்டியிருந்தது.

கண்ணுக்கும் நன்மை உண்டு. வீட்டுக்குள் வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவே இருக்க, பகலில் வெளியே நிழலில்கூட அது பல ஆயிரம் லக்ஸைத் தொடும். வெளியில் கழியும் நேரம் கிட்டப்பார்வை தொடங்குவதைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

குறைகளும் உள்ளன. கடைசி அரை மணி நேரம் குழந்தைகளை உட்காரவைத்து இலைப் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள். உண்மையான இலைகள் காலடியில் கிடக்கும்போது இது எதற்கு? பெற்றோரிடம் காட்ட ஒரு தாள் வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. தூறல் விழுந்தாலே வகுப்பை ரத்து செய்கிறார்கள். இடி மின்னலுக்கு அஞ்சுவது நியாயம், சேற்றுக்கு அஞ்சுவது இந்த வகுப்பின் நோக்கத்துக்கே முரண். கைகால் கழுவும் வசதியும் போதாது.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாள்தோறும் 180 நிமிடங்களாவது உடலசைவோடு இருக்க வேண்டும், அதில் 60 நிமிடங்கள் ஓடியாடும் விளையாட்டாக அமைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுப் பரிந்துரை. வாரத்தில் இரண்டு மணி நேரம் அதற்கு ஈடாகாது. மற்ற நாள்களை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்ணம் தீட்டும் பகுதியை நீக்கிவிட்டால் அடுத்த பருவத்துக்கும் தயங்காமல் சேர்ப்பேன். சேர்க்க நினைப்பவர்கள் கறை படிந்தாலும் கவலைப்படாத உடையையும் மாற்றுடையையும் கொடுத்தனுப்புங்கள்.